ஒரு காகிதமும் வெளியே போகக் கூடாது

பாப்பிரெட்டிப்பட்டி பஸ் நிலையத்துக்கு எதிர்ச்சாரியில் அமுதவல்லி நடத்தும் இ-சேவை மையத்தில் ஓர் அட்டை தொங்குகிறது. ‘ஒரிஜினலை யாரிடமும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் கையெழுத்து வாங்காமல் நகராதீர்கள்.’ சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் அவளே எழுதியது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று மலையிலிருந்தும் காட்டோரத்து ஊர்களிலிருந்தும் இறங்கி வருகிறவர்கள் மஞ்சள் பையிலிருந்து காகிதத்தை உருவும்போதே அதட்டுவாள்.

"இதென்ன பொட்டலம் மடிக்கற பேப்பருங்களா? நாலா மடிச்சிக் கொண்டாந்திருக்கீங்க. ஒரிஜினலுங்க இது."

பதினொரு வருஷமாக இதுதான் அவள் பிழைப்பு. காகிதம் தொலைந்தவர்கள் படும் பாட்டை அவளைப்போல நேரில் பார்த்தவர்கள் அந்தத் தாலுக்காவில் குறைவு. அப்படிப்பட்டவள்தான் அறுபத்துமூன்று பெண்களின் ஒரிஜினல்களைக் கொண்டுபோய் ஒரு பீரோவுக்குள் பூட்ட வைத்தாள். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நல்லதென்று நினைத்துச் செய்தாள். அதனால் யாருக்கும் அவளை நேரில் திட்ட வாய் வரவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஊருக்கு வெளியே மெயின் ரோட்டில் தொட்டம்மாள் நினைவு மகளிர் கலைக் கல்லூரி இருக்கிறது. கட்டடம் நிற்பதால் இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். அந்த நீளப் பெயரை யாரும் சொன்னதில்லை. கண்டக்டரிலிருந்து கீரை விற்கிறவர்வரை எல்லோருக்கும் அது லேடீஸ் காலேஜ். அமுதவல்லி அங்கே பி.காம். படித்தவள். அவள் பன்னிரண்டாவது முடித்தபோது அவளுடைய அப்பா காளியப்பன், ஆம்பளைப் பையன்கள் படிக்கிற இடத்துக்கு அனுப்ப முடியாது என்று ஒரே பிடியாக நின்றார். மரவள்ளியும் கரும்பும் போட்டுப் பிழைத்த மனுஷன். பெண் படிப்பது அவருக்குப் பிடிக்காமல் இல்லை, பயம். யாரோ சொல்லி இந்தக் கல்லூரியைப் பார்க்க சைக்கிளில் வந்தார். உள்ளே போய் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. காம்பவுண்டுச் சுவரை வெளிப்பக்கமாக ஒரு சுற்று சுற்றினார். ஓரிடத்தில் கையைத் தூக்கி உயரம் பார்த்தார். மேலே பதித்திருந்த கண்ணாடிச் சில்லுகளை எட்டிப் பார்த்தார். அப்புறம் ஆபீசுக்குள் போய் விண்ணப்பத்தில் கைநாட்டு வைத்தார்.

அமுதவல்லி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். சிரித்தாலும் அந்தச் சுவரால்தான் தனக்குப் படிப்பு வந்தது என்பது அவளுக்குத் தெரியும். படிப்பினால்தான் இ-சேவை மையத்துக்கு அனுமதி கிடைத்தது. மையம் வந்த பிறகுதான், விதை, பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கும் புருஷன் மாதவராஜ் எந்த விஷயத்திலும் அவளை ஒரு வார்த்தை கேட்க ஆரம்பித்தான். சுவர் கட்டி வைத்தால்தான் பெண் படிக்க முடியும் என்கிற ஊர் நல்ல ஊரா என்று அவளுடைய மகள் காவியா ஒருமுறை கேட்டாள். நல்ல ஊர் வரும்வரைக்கும் சுவராவது இருக்கட்டும் என்றாள் அமுதவல்லி.

அந்தக் கல்லூரியின் கேட்டில் போன ஏப்ரலில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். மாணவியர் எண்ணிக்கை குறைந்துவிட்டதால் வரும் ஆண்டு முதல் புதிய சேர்க்கை இல்லை, படிப்படியாகக் கல்லூரி மூடப்படும். அவ்வளவுதான். நாற்பத்தைந்து வருஷக் கல்லூரிக்கு நான்கு வரி.

முதல் செட்டில் படித்து, பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற லூர்துமேரி டீச்சர்தான் அன்று சாயங்காலமே வாட்ஸ்அப்பில் குழு ஆரம்பித்தார். ஒரே வாரத்தில் முந்நூறு பேர் சேர்ந்தார்கள். அதில் பாதிப்பேர் ரோஜாப்பூ படம் போட்டுக் காலை வணக்கம் சொன்னார்கள். கால்வாசிப்பேர், எங்கள் கல்லூரி எங்கள் கோயில் என்று எழுதினார்கள். ரோட்டில் வந்து நிற்கலாமா என்று டீச்சர் கேட்டதும் மாமியாருக்குக் காய்ச்சல், பிள்ளைக்குப் பரீட்சை என்று குழுவே அமைதியாகிவிட்டது. கடைசியில் பதாகை பிடித்து வெயிலில் நின்றவர்கள் இருபத்திரண்டு பேர். ஆனால் அந்த இருபத்திரண்டு பேர் சும்மா நிற்கவில்லை. திங்கட்கிழமை தவறாமல் கலெக்டரிடம் மனு கொடுத்தார்கள். எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் காத்துக் கிடந்தார்கள். அமுதவல்லி மனுக்களைத் தட்டச்சு செய்து, நகலெடுத்து, வரிசை எண் போட்டுக் கோப்பு கட்டினாள்.

மே மாதம் கல்லூரிச் செயலாளர் நவநீதன் பெங்களூரிலிருந்து வந்தார். கல்லூரியைத் தொடங்கியவரின் பேரன். அவரைப் பார்த்தால் கோபம் வராது, அத்தனை பணிவு. எல்லோருக்கும் இளநீர் வரவழைத்துக் கொடுத்தார்.

"சிஸ்டர்ஸ், எனக்கு மட்டும் மூடணும்னு ஆசையா? போன வருஷம் ஃபர்ஸ்ட் இயர்ல பதினாலு பேர். எத வெச்சு நடத்தறது? அறுபது பேரக் கொண்டாங்க. வெறும் பேர் லிஸ்ட் வேணாம், டி.சி. ஒரிஜினலோட வரணும். ஜூன் இருபதுக்குள்ள அறுபது வந்துட்டா மூடற மனுவ நானே வாபஸ் வாங்கிக்கறேன்."

பெண்கள் கைதட்டினார்கள். லூர்துமேரி டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை. அட்டை எழுதித் தொங்கவிட்டிருக்கிறவளும் கேட்கவில்லை. இளநீர் குடித்த வாயால் எப்படிக் கேட்பது என்று இருந்திருக்கும்.

அந்த வருஷம் காவியாவும் பன்னிரண்டாவது முடித்திருந்தாள். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது மாதவராஜ் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"போராட்டம் பண்றதுன்னா பண்ணு, நான் வேணாங்கல. ஆனா எம்பொண்ண அங்க போட்டுப் பரீச்ச பாக்காத."

அமுதவல்லி சண்டை போட வாயைத் திறந்தாள். பிறகு ரசத்தை ஊற்றினாள். அடுத்த வாரமே கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் காவியாவைச் சேர்த்துவிட்டு வந்தார்கள். பஸ்ஸில் திரும்பும்போது அமுதவல்லிக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை அவள் யாரிடமும் சொல்லவில்லை, லூர்துமேரி டீச்சரிடம்கூட.

பிறகு அறுபது பேருக்கான அலைச்சல் தொடங்கியது. ஊரைப் பிரித்துக்கொண்டார்கள். சித்தேரி மலை அமுதவல்லியின் பங்குக்கு வந்தது, மலை சனத்துக்கு அவளைத் தெரியும் என்பதால். அவர்களுடைய சான்றிதழ்களெல்லாம் அவள் விரலால் தட்டி வந்தவைதானே.

குள்ளன் வீட்டுக்குப் போனது ஜூன் இரண்டாம் வாரம். குள்ளனுக்கு மலையில் சாமையும் கொஞ்சம் கேழ்வரகும் விளையும் காடு. மகள் அம்பிகா பன்னிரண்டாவதில் நானூற்று முப்பத்தொன்று எடுத்திருந்தாள். அந்தக் குடும்பத்தில் அதுவரை யாரும் எட்டாவது தாண்டியதில்லை. அவளுக்கு அரசுக் கல்லூரியில் கணிதம் கிடைத்திருந்தது. விண்ணப்பம் போட்டுக் கொடுத்ததும், இடம் கிடைத்த காகிதத்தை அச்செடுத்துக் கொடுத்ததும் அமுதவல்லியேதான். சேர வேண்டிய கடைசித் தேதிக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

"ஏம்மா, கவர்மெண்டு காலேஜுல சீட்டு கெடச்சிருச்சுன்னு நீதான சொன்ன?" என்றான் குள்ளன்.

"சொன்னனுங்கண்ணா. அது ஆம்பளப் பசங்களும் படிக்கற காலேஜு. ரெண்டு பஸ்ஸு மாறிப் போவணும். ஹாஸ்டல் கெடைக்குமான்னு தெரியாது. இது பொம்பளப் புள்ளைங்களுக்கு மட்டும். ஹாஸ்டலு காம்பவுண்டுக்குள்ளயே இருக்குது. நீங்க எப்ப எறங்கினாலும் பாத்துட்டு வரலாம்."

"மூடறாங்கன்னு பேசிக்கறாங்களே?"

"அறுபது பேரு சேந்தா மூட மாட்டாங்க. நாப்பத்தெட்டு ஆயிடுச்சு."

இதுவரைக்கும் அவள் சொன்னதெல்லாம் அவளே நம்பியது. குள்ளன் பெண்டாட்டி ராமக்கா அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள்.

"உங்க பொண்ணும் பன்னண்டாவதுன்னு சொன்னீங்களே. அத எங்க போட்டிருக்கீங்க?"

எந்தத் தாயும் கேட்கக்கூடிய கேள்வி. கோவை என்று சொன்னால் அந்த வீட்டில் நாற்பத்தொன்பதாவது டி.சி. கிடைக்காது.

"அவளும் இங்கதாங்க" என்றாள்.

கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்பிகா அப்போதுதான் முதல்முறையாகப் பேசினாள். "பேரு என்னங்கக்கா?"

"காவியா."

"ஒரே ரூமுல இருந்துக்கலாமுங்களா? எனக்குக் கீழ யாரையும் தெரியாது."

"இருக்கலாமே. நானே வார்டன்கிட்ட சொல்றேன்."

பெண் உள்ளே ஓடி ஒரு தகரப் பெட்டியைத் தூக்கி வந்தாள். பாலித்தீன் உறைக்குள் டி.சி., மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், மூன்றும் ஒரு மடிப்புக்கூட இல்லாமல் இருந்தன. அமுதவல்லி அவற்றைப் பழுப்பு உறையில் போட்டு ‘49. கு. அம்பிகா’ என்று எழுதினாள். பழக்கதோஷத்தில், பெற்றுக்கொண்டேன் என்று ஒரு சீட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

"இத பத்திரமா வெச்சுக்க. ஒரிஜினல் திரும்பிக் கைக்கு வந்தப்புறம் இந்தச் சீட்ட எங்கிட்டக் குடுத்துடணும். யாருகிட்ட எதக் குடுத்தாலும் இப்படித்தான் பண்ணணும், புரியுதா?"

அம்பிகா தலையாட்டினாள்.

ஜூன் பத்தொன்பதாம் தேதி அறுபத்துமூன்று உறைகள் கல்லூரி ஆபீசில் ஏறின. கண்ணாடிக் கதவு போட்ட பீரோவில் பிரின்சிபால் அம்மா அவற்றை அடுக்கினார். பெங்களூருக்குச் செய்தி போனது. பதில் வரவில்லை. பத்து நாள் கழித்து இரண்டு லாரிகள் வந்தன. பெஞ்சு, மேஜை, நூலகத்து அலமாரி என்று ஏற்ற ஆரம்பித்தார்கள்.

டீச்சர் லாரிக்கு முன்னால் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அறுபத்திரண்டு வயது, முழங்கால் வலி, இருந்தும் உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். போலீஸ் வந்து பேசி லாரியைத் திருப்பி அனுப்பியது. அன்று மத்தியானமே எல்லோரும் கோர்ட்டுக்கு ஓடினார்கள். வக்கீல் மனுவை வாசித்துக் காட்டினார். கல்லூரியின் தளவாடங்களை அகற்றக் கூடாது என்று எழுதியிருந்தார்.

"தளவாடம் மட்டும் போதாதுங்க சார்" என்றாள் அமுதவல்லி. "பெஞ்சு போனா வேற பெஞ்சு வாங்கிக்கலாம். ரெஜிஸ்டர் போச்சுன்னா காலேஜ் இருந்ததுக்கே ஆதாரம் இருக்காது. ஆவணம், பதிவேடு, எல்லாத்தையும் சேத்துக்குங்க. ஒரு காகிதமும் வெளிய போகக் கூடாதுன்னு போடுங்க."

வக்கீல் அவளை மெச்சிப் பார்த்தார். விவரமான பெண்மணி என்றார். அவள் சொன்னபடியே எழுதினார். மூன்றாம் நாள் கோர்ட்டும் அதையே சொன்னது. மறு உத்தரவு வரும்வரை வளாகத்திலிருந்து தளவாடம், ஆவணம், பதிவேடு மற்றும் எந்தக் காகிதமும் வெளியே கொண்டுசெல்லப்படக் கூடாது.

அன்று லேடீஸ் காலேஜ் கேட்டுக்கு முன்னால் பட்டாசு வெடித்தார்கள். பஸ்ஸை நிறுத்தி லட்டு கொடுத்தார்கள். அமுதவல்லியின் படம் உள்ளூர்ச் செய்தியில் வந்தது. கையில் கோர்ட்டு உத்தரவு, வாயெல்லாம் பல். அந்தப் படத்தை அவள் அப்புறம் போனிலிருந்து அழித்தாள். அடுத்தவர்கள் போனிலிருந்து எப்படி அழிப்பது?

ஜூலை பதினாறில் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. மூடும் மனு ஏப்ரலிலேயே ஏற்கப்பட்டுவிட்டது, முதலாண்டுச் சேர்க்கைக்கு அனுமதி இல்லை, அறுபத்துமூன்று சேர்க்கையும் செல்லாது. நவநீதன் இளநீர் கொடுத்த நாளில் அந்த அனுமதி அவர் சட்டைப்பையில் இருந்தது. அறுபது பேர் எப்படியும் தேற மாட்டார்கள் என்று நினைத்திருப்பார். போனில் கேட்டபோது, "சாரி சிஸ்டர், கம்யூனிகேஷன் கேப்" என்றார். சில பேருக்கு எதைச் செய்துவிட்டும் நாக்கில் தேன் தடவிக்கொண்டு பேச முடிகிறது.

கல்லூரி போனதுகூட அப்புறம்தான் உறைத்தது. முதலில் உறைத்தது அந்தப் பீரோ. அரசுக் கல்லூரிகளில் காலியிடம் நிரப்பும் கடைசிச் சுற்று ஜூலை முப்பத்தொன்றுவரை இருந்தது. ஒரிஜினல் டி.சி. இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். அமுதவல்லி ஆட்டோ பிடித்துக் கல்லூரிக்கு ஓடினாள்.

பிரின்சிபால் அம்மா மேஜை இழுப்பறையிலிருந்து கோர்ட்டு உத்தரவை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"எந்தக் காகிதமும்னு இருக்குதுங்க அமுதவல்லி. எனக்கு இன்னும் ஆறு மாசம் சர்வீஸ். கோர்ட்டு அவமதிப்புன்னு ஆச்சுன்னா என் பென்ஷன் போயிடும். நீங்கதான எழுதச் சொன்னீங்க?"

"நான் பெஞ்சு ரெஜிஸ்டர நெனச்சு சொன்னனுங்க மேடம். புள்ளைங்களோட சர்டிபிகேட்ட நெனைக்கல."

"அது எனக்குப் புரியுது. ஜட்ஜுக்குப் புரியணுமில்ல?"

கண்ணாடிக்குப் பின்னால் உறைகள் தெரிந்தன. மேலிருந்து மூன்றாவது அடுக்கில் நாற்பத்தொன்பது. அவளுடைய கையெழுத்துதான். ஒரு சாவியைத் திருப்பினால் கைக்கு வந்துவிடும். அவள் கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிரின்சிபால் அம்மா எழுந்துவந்து மெதுவாக அந்தக் கையை எடுத்துவிட்டார்.

சான்றிதழ்களை மட்டும் விடுவிக்கச் சொல்லி வக்கீல் மனுப் போட்டார். முதல் தேதியில் எதிர்த்தரப்பு அவகாசம் கேட்டது. இரண்டாம் தேதியில் நீதிபதி விடுப்பு. மூன்றாம் தேதிக்கு முன்னால் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. இதில் யாருக்கும் யார்மேலும் பகையில்லை. ஒவ்வொருத்தரும் அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள். ஜூலை முப்பத்தொன்று வந்தது, போனது.

வசதியுள்ள அப்பன்மார் எங்கெங்கோ பேசி, நகலை வைத்துக்கொண்டு உறுதிமொழி எழுதிக் கொடுத்துத் தனியார் கல்லூரிகளில் மகள்களைச் சேர்த்தார்கள். அப்படி நாற்பத்தாறு பேர் தப்பித்தார்கள். பதினேழு பேர் வீட்டோடு நின்றார்கள். அதில் பதினொரு பேர் மலைப் பெண்கள்.

அம்பிகாவுக்காக அமுதவல்லி அவள் படித்த பள்ளிக்கூடத்துக்குப் போய் டூப்ளிகேட் டி.சி. கேட்டாள். ஒரிஜினல் தொலைந்துவிட்டது என்று போலீசில் சான்று வாங்கி வரச் சொன்னார்கள். ஸ்டேஷனில், எங்கே தொலைந்தது என்று கேட்டார்கள். தொலையவில்லை, பீரோவில் இருக்கிறது என்றாள். "இருக்கறதத் தொலஞ்சுதுன்னு எப்படிம்மா எழுதறது?" என்றார் எழுத்தர். அவர் கேட்டது நியாயம்தான். வேறு யாராவது இப்படிக் கேட்டு வந்திருந்தால் அமுதவல்லியே அவர்களுக்கு ஒரு பொய்யைச் சொல்லிக் கொடுத்திருப்பாள். அன்றைக்குப் பார்த்து அவளுக்குப் பொய் வரவில்லை. மலையில் சொல்லிவிட்டு வந்த ஒன்றே இன்னும் தீரவில்லை.

ஆகஸ்டில் அம்பிகா பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கூப்பிட்டாள்.

"அக்கா, வர்ற வாரம் கெடச்சிடுங்களா? ஆவணிக்குள்ள முடிச்சிடணும்னு அப்பா பேசிட்டிருக்காங்க."

"என்னத்த முடிக்கறது?"

"மாப்ள பாத்திருக்காங்க. முத்துராஜுன்னு. குடகுல காப்பித் தோட்டத்துல வேல. அடுத்த வருசமாவது காலேஜுக்குப் போறேன்னு சொன்னேன். எந்தக் காலேஜுன்னு கேக்கறாங்க. சொல்லத் தெரியல. நீங்க ஒருக்கா மேல வந்து பேசறீங்களா? நீங்க சொன்னா கேட்டுக்குவாங்க."

"வர்றேம்மா" என்றாள் அமுதவல்லி.

போகவில்லை. போவதற்குப் பஸ் இருந்தது, நேரமும் இருந்தது. போனால் ராமக்கா முதல் வேலையாகக் காவியாவைப் பற்றிக் கேட்பாள். அவளும் வீட்டோடுதான் நிற்கிறாளா என்பாள். கோவைக்குப் போய்விட்டாள் என்று எந்த முகத்தோடு சொல்வது? இன்றைக்கு நாளைக்கு என்று ஒரு வாரத்தைத் தள்ளினாள். கடைசியில் போனில் குள்ளனைப் பிடித்து, ஒரு வருஷம் பொறுங்கள் என்றாள். நேரில் கையைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டியதைப் போனில் கேட்டால் எடுபடுமா? குள்ளன் பொறுமையாகத்தான் பேசினான்.

"நான் உன்ன ஒண்ணுஞ் சொல்லலம்மா. உன்னால ஆனத நீ பண்ண. காலேஜுமில்லாம வேலையுமில்லாம வயசுப் புள்ளைய வூட்டுல வெச்சிருந்தா நாலு பேரு நாலு விதமாக் கேக்கறாங்க. பையன் நல்ல பையன். குடிக்கறதில்ல."

ஆவணி இருபதில் கல்யாணம். அமுதவல்லி அதற்கும் போகவில்லை.

அக்டோபரில் புதிய நீதிபதி மனுவைப் பார்த்தார். இரண்டு நிமிஷம் வாசித்தார். மாணவிகளின் சொந்தச் சான்றிதழ்கள் என்பதில் யாருக்கும் ஆட்சேபம் உண்டா என்றார். எதிர்த்தரப்பு இல்லை என்றது. அவ்வளவுதான். இரண்டு நிமிஷத்தில் முடியும் காரியத்துக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது. கல்லூரி வழக்கு இன்னும் நடக்கிறது. பெஞ்சுகள் பத்திரமாக இருக்கின்றன.

பதினேழு உறைகளையும் அவளே வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். சிலர் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். ஒருத்தியின் அம்மா தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அமுதவல்லிக்கு அது பெரிய உதவியாக இருந்தது. நாற்பத்தொன்பதைக் கடைசிக்கு வைத்திருந்தாள்.

முத்துராஜின் வீடு அதே மலையில் இன்னொரு ஊரில் இருந்தது. முதல்நாள் மழையில் பாதை சேறாகியிருந்தது. பஸ்ஸில் ஏறியதிலிருந்து அவள் ஒரு வாக்கியத்தை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அம்பிகா, உங்க வீட்டுல நான் ஒரு பொய் சொன்னேன், எம்பொண்ணு அங்க சேரவே இல்ல. இதைச் சொல்லிவிடுவது என்றுதான் வந்தாள். திட்டட்டும், கதவைச் சாத்தட்டும்.

அம்பிகா வாசலில் உட்கார்ந்து முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். புதுத் தாலிக்கயிற்றின் மஞ்சள் இன்னும் போகவில்லை. அமுதவல்லியைக் கண்டதும் முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். முகத்தில் வருத்தமே இல்லை. விருந்தாளி வந்த சந்தோஷம்தான் இருந்தது.

"வாங்கக்கா. நல்லவேள இன்னிக்கு வந்தீங்க. வெள்ளிக்கெழம நாங்க குடகுக்குக் கெளம்பறோம். ரெண்டு பேத்துக்கும் தோட்டத்துல வேல இருக்குதாம்."

உறையைக் கொடுத்தாள் அமுதவல்லி. அம்பிகா கையைச் சேலையில் இரண்டுமுறை துடைத்துவிட்டு வாங்கினாள். மூன்றையும் எடுத்துப் பார்த்தாள். மார்க் ஷீட்டில் கணிதத்துக்கு நேராக இருந்த எண்ணை விரல் படாமல் கொஞ்சநேரம் பார்த்தாள்.

"இது இன்னும் செல்லுங்களாக்கா?"

"செல்லும். எத்தன வருசமானாலும் செல்லும்."

"அங்க தோட்டத்து லைன் வூட்டுல மழ ஒழுகுமாம். அப்பா வூட்டுப் பெட்டியிலயே வெச்சுட்டுப் போயிடறேன்."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு சின்னத் துண்டுக் காகிதம் இருந்தது. பாலித்தீன் உறைக்குள் போட்டு, ஒரு மடிப்புக்கூட இல்லாமல் வைத்திருந்தாள். பெற்றுக்கொண்டேன், அமுதவல்லி.

"ஒரிஜினல் கைக்கு வந்தப்புறம் திருப்பிக் குடுக்கணும்னு சொன்னீங்களே. இந்தாங்க."

அமுதவல்லி சீட்டை வாங்கிக்கொண்டாள். இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். அதற்குள் அந்தப் பெண் கேட்டுவிட்டாள்.

"காவியாவுக்கும் கெடச்சிடுச்சுங்களா?"

அமுதவல்லி சீட்டைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"நான் அடிக்கடி நெனச்சுக்குவேன்க்கா. எனக்காவது கல்யாணம் காட்சின்னு நாள் போயிடுச்சு. அது பாவம், வூட்டுல சும்மா உக்காந்திருக்குமே, அதுக்கும் ஒரு வருசம் போச்சேன்னு. நம்மளாட்டமே இன்னொரு புள்ளையும் கீழ நிக்குதுன்னு நெனச்சாத்தான் எனக்குக் கொஞ்சம் ஆறும்."

இதற்குமேல் எப்படிச் சொல்வது, அவளிடம் மிச்சமிருக்கிற அந்த ஒரு ஆறுதலையும் எப்படிப் பிடுங்குவது என்று அமுதவல்லி பிற்பாடு தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அதெல்லாம் சும்மா. அவளுக்குப் பயம், அவ்வளவுதான்.

"கெடச்சிடுச்சும்மா" என்றாள்.

"அடுத்த வருசம் நல்ல காலேஜாப் பாத்து சேத்து வுடுங்க. நான் கேட்டேன்னு சொல்லுங்க."

"சொல்றேன்."

கீழே இறங்கும் பஸ் ஹாரன் அடித்தது. சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சீட்டு உள்ளங்கையில் கசங்கிப் போயிருந்தது. காவியா அன்றைக்குக் கோவையில் இரண்டாவது இன்டர்னல் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள்.